சுங்கத்தில் நின்ற கேமராக்கள்

மைதானத்திலிருந்து நேரலை – 12

சென்ற வாரம் கெர்ரி பேக்கரை ஆஸ்திரேலியாவில் விட்டுவிட்டு வந்தோம். ஆடுகளத்தின் இரண்டு முனையிலும் கேமராவை ஏற்றி, ஒரு ஓவர் விட்டு ஒரு ஓவர் மட்டையாளரின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்த ரசிகனுக்கு விடுதலை வாங்கிக் கொடுத்தவர் அவர். ஆனால் பேக்கருக்குச் சொந்தமாகச் சேனல் இருந்தது. எடுப்பதும் அவரே, காட்டுவதும் அவரே. சேனல் என்று ஒன்று கையில் இல்லாமல், மைதானத்தில் படம் எடுத்துக் கொடுக்கிற வேலையையே முதலாக வைத்து நாடு நாடாகக் கடை விரித்த ஒரு நிறுவனத்தின் கதையை இந்த வாரம் பார்ப்போம். அந்தக் கடை இந்தியாவுக்கு வந்தபோது சுங்க அதிகாரிகள் மறித்தார்கள். விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. இன்று நம் வீட்டில் நூற்றுக்கணக்கில் தனியார் சேனல்கள் தெரிவதற்கும் அந்த வழக்குக்கும் தொடர்பு உண்டு.

நிறுவனத்தின் பெயர் ட்ரான்ஸ் வேர்ல்ட் இன்டர்நேஷனல். தொழிலில் இருப்பவர்களுக்கு டி.டபிள்யூ.ஐ. அதன் தாய் நிறுவனம் ஐ.எம்.ஜி. இரண்டுக்கும் மூலபுருஷர் மார்க் மெக்கார்மக்.

மெக்கார்மக் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரத்தில் வக்கீலாக இருந்தவர். கோல்ஃப் நன்றாக ஆடுவார். 1958-ல் அமெரிக்க ஓபன் போட்டிக்கே தகுதி பெற்றார். தன்னைவிட நன்றாக ஆடுகிறவர்கள் ஏராளம் என்பது அவருக்குத் தெரியும். அவர்களில் பலருக்கு ஒப்பந்தத்தைப் படித்துப் புரிந்துகொள்ளத் தெரியாது என்பதும் தெரியும். கல்லூரி நாட்களில் எதிரணியில் ஆடிப் பழக்கமான ஆர்னால்ட் பால்மருடன் 1960-ஐ ஒட்டிக் கை குலுக்கி உடன்பாடு செய்துகொண்டார்: நீ ஆடு, வரவு செலவை நான் பார்த்துக்கொள்கிறேன். அடுத்து கேரி பிளேயர் வந்தார், ஜாக் நிக்லாஸ் வந்தார். அன்றைய கோல்ஃபின் மூன்று பெரிய தலைகளும் ஒரே வக்கீலின் கட்சிக்காரர்கள்.

வீரனின் பெயரைச் சட்டைக்கும் கோல்ஃப் மட்டைக்கும் விற்பதில் வரும் காசு ஒரு பக்கம். தொலைக்காட்சியில் வரும் காசு இன்னொரு பக்கம். இரண்டாவதுதான் பெரிதாகப் போகிறது என்று மெக்கார்மக் சீக்கிரமே கண்டுகொண்டார். என் வீரர்கள் ஆடுவதை வேறொருவன் படம் எடுத்து விற்பானேன், நானே எடுத்தால் என்ன? மூவரையும் ஒன்றாக ஆடவிட்டு ‘பிக் த்ரீ கோல்ஃப்’ என்ற தொலைக்காட்சித் தொடர் வந்தது இப்படித்தான். 1960களிலேயே ஐ.எம்.ஜி.யின் தொலைக்காட்சிக் கரமாக டி.டபிள்யூ.ஐ. உருவாகிவிட்டது. 1968-ல் விம்பிள்டன் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்குக் கதவைத் திறந்தது. அதே ஆண்டில் அந்த டென்னிஸ் கிளப்பின் வணிக ஆலோசகராக மெக்கார்மக் உள்ளே போனார். விம்பிள்டனின் வெளிநாட்டு ஒளிபரப்பு உரிமையை விற்றுத் தரும் வேலையும் கைக்கு வந்தது.

வீரனுக்கும் இவர்தான் முகவர், போட்டிக்கும் இவர்தான் ஆலோசகர், படத்துக்கும் இவர்தான் தரகர். இது என்ன நியாயம் என்று கேட்டவர்கள் அன்றும் இருந்தார்கள். கேள்வி சரியானதுதான். ஆனால் கேட்டவர்கள் யாரும் மாற்று ஏற்பாட்டோடு வரவில்லை.

1973-ல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கிய ‘தி சூப்பர்ஸ்டார்ஸ்’ நிகழ்ச்சியைச் சொல்லாமல் இந்தப் பகுதியைத் தாண்ட முடியாது. வெவ்வேறு விளையாட்டுகளின் நட்சத்திரங்களைக் கொண்டுவந்து தங்களுக்குப் பழக்கமில்லாத போட்டிகளில் மோதவிடும் கூத்து அது. யோசனை, பனிச்சறுக்கு நடனத்தில் ஒலிம்பிக் தங்கம் வென்ற டிக் பட்டனுடையது. அதைத் தொலைக்காட்சிக்கு விற்றுப் பெரிதாக்கியது மெக்கார்மக்கின் ஆட்கள். குத்துச்சண்டை வீரர் ஜோ ஃப்ரேசியர் நீச்சல் போட்டியில் குதித்து, நீந்தத் தெரியாமல் கிட்டத்தட்ட மூழ்கியே போய்விட்டார். மக்கள் விழுந்து விழுந்து பார்த்தார்கள். விளையாட்டு நடக்கிற இடத்துக்குக் கேமராவைக் கொண்டுபோவது ஒரு தொழில். கேமராவுக்காகவே ஒரு விளையாட்டை உண்டாக்குவது இன்னொரு தொழில் என்று அப்போது தெரிந்தது. 1977-ல் தொடங்கிய ‘உலகின் பலசாலி மனிதன்’ போட்டியும் இந்த வம்சம்தான். லாரியைக் கயிறு கட்டி இழுப்பார்களே, அதுவேதான்.

ஒரு படம், பல வியாபாரம்

இந்தத் தொழிலின் கணக்கு எளிது. ஒரு மைதானத்தில் படம் எடுக்க ஆகும் செலவு, அதை எத்தனை நாடு பார்த்தாலும் ஏறக்குறைய ஒன்றுதான். கேமராக்காரர் சம்பளம், ஓட்டல் வாடகை, செயற்கைக்கோள் நேரம் எல்லாம் ஒரு முறை செலவு. அதை ஒரே நாட்டின் சேனல் சுமந்தால் பாரம். பத்து நாட்டுச் சேனல்களிடம் பிரித்து விற்றால் லாபம்.

அதற்குப் படம் எந்த நாட்டு வாடையும் அடிக்காமல் இருக்க வேண்டும். ஸ்கோர் எழுத்துகள் இல்லாத, வர்ணனைக் குரல் இல்லாத, மைதானத்து இரைச்சல் மட்டும் உள்ள படத்தை ஒரு வழியில் அனுப்புவார்கள். தொழிலில் அதற்குக் ‘கிளீன் ஃபீட்’ என்று பெயர். வாங்குகிற சேனல் தன் மொழி எழுத்தையும் தன் வர்ணனையாளரையும் அதன்மேல் ஏற்றிக்கொள்ளும். அப்படி ஏற்ற வசதியில்லாத சேனலுக்கு எல்லாம் சேர்த்துச் சமைத்த படம் தனியாகப் போகும். ஒரு விளையாட்டு அமைப்பிடம் போய், குறைந்தபட்சம் இவ்வளவு தருகிறோம் என்று உத்தரவாதம் கொடுத்து உரிமையை வாங்குவது. தாங்களே படம் எடுப்பது. உலகம் முழுக்கக் கூவி விற்பது. டி.டபிள்யூ.ஐ.யின் வளர்ச்சி இந்த மூன்றையும் ஒரே கையில் வைத்திருந்ததில் இருக்கிறது.

இதை டி.டபிள்யூ.ஐ. கிரிக்கெட்டில் பெரிய அளவில் செய்துகாட்டியது மேற்கிந்தியத் தீவுகளில். 1990-ல் இங்கிலாந்து அணி அங்கே போனது. அதுவரை கரீபியன் டெஸ்டுகளை இங்கிலாந்துக்காரர்கள் வானொலியில் கேட்டார்கள், மறுநாள் பத்திரிகையில் படித்தார்கள். பந்துக்குப் பந்து நேரடிப் படம் வந்ததில்லை. 1989-ல் பிறந்திருந்த ஸ்கை தொலைக்காட்சிக்கு அப்போது நிறைய நேரமும் கொஞ்சம் பார்வையாளர்களும் இருந்தார்கள். கரீபியனில் காலை ஆட்டம் தொடங்கினால் லண்டனில் பிற்பகல். தேநீர் இடைவேளை தாண்டினால் அங்கே ராத்திரிச் சாப்பாட்டு நேரம். ஐந்து நாள் டெஸ்டைப் போல நேரத்தை விழுங்கும் நிகழ்ச்சி வேறென்ன இருக்கிறது? பி.பி.சி.யால் மாலைச் செய்தியையும் நாடகத்தையும் ஒதுக்கிவிட்டு அதைக் காட்ட முடியாது. ஸ்கையால் முடிந்தது.

ஆனால் படம் எடுப்பது யார்? கரீபியனில் ஒவ்வொரு மைதானமும் ஒவ்வொரு தேசம். ஜமைக்காவில் ஒரு டெஸ்ட், கயானாவில் ஒன்று, டிரினிடாட், பார்படாஸ், ஆன்டிகுவா. ஓ.பி. வேனை, அதாவது வெளிப்புற ஒளிபரப்பு வண்டியை, ஓட்டிக்கொண்டு போக நடுவில் கடல் இருக்கிறது. எல்லாத் தீவிலும் வேன் வாங்கி நிறுத்தினால் கட்டுப்படியாகாது. டி.டபிள்யூ.ஐ. எடுத்த வழியைக் கல்யாணச் சமையல் கான்ட்ராக்ட் என்று சொன்னால் நமக்கு உடனே புரியும். அண்டா, குண்டா, கரண்டி, ஆள் எல்லாம் அவர்களே கொண்டுவருவார்கள்; மண்டபத்துக்காரர் இடமும் தண்ணீரும் கொடுத்தால் போதும். வேனுக்குள் நிரந்தரமாகப் பொருத்தியிருக்கும் கருவிகளைக் கழற்றி, சக்கரம் வைத்த பெட்டிகளில் அடைத்து, விமானத்தில் ஏற்றிக்கொண்டு போய், மைதானத்துப் பார்வையாளர் மாடத்தின் கீழே ஏதாவது ஒரு சரக்கறையில் அடுக்கி இணைத்தால் அதுவே கட்டுப்பாட்டு அறை. இந்த ஏற்பாட்டுக்கு ‘ஃபிளைஅவே’ என்று பெயர்.

அந்தத் தொடரில் அவர்களுக்கு அதிர்ஷ்டமும் கூட வந்தது. கிங்ஸ்டனில் நடந்த முதல் டெஸ்டில், 16 ஆண்டுகளாக மேற்கிந்தியரை வெல்லாத இங்கிலாந்து ஒன்பது விக்கெட்டில் வென்றது. அடுத்து கயானாவில் ஒரு பந்துகூட வீசமுடியாமல் மழை கொட்டித் தீர்த்தது. பெட்டிகளை இறக்கி, பிரித்து, கம்பி இழுத்து, மறுபடி மூட்டைகட்டிக்கொண்டு கிளம்பினார்கள். வெளிப்புற ஒளிபரப்பில் மழைக்குத் தள்ளுபடி கிடையாது. ஆள் கூலியும் செயற்கைக்கோள் வாடகையும் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

ஒரு பந்துக்குள்

மூன்று ஆண்டு கழித்து, இதே ஏற்பாட்டோடு சேப்பாக்கத்தில் ஒரு பந்து. அந்தச் சரக்கறைக்குள் என்ன நடக்கிறது? சுவர் முழுக்கச் சின்னத் திரைகள், கேமராவுக்கு ஒன்று. நடுவில் இயக்குநர். அவர் பக்கத்தில் பொத்தான் பலகையில் விரல் வைத்தபடி படம் மாற்றுகிறவர். எல்லோர் காதிலும் இயக்குநரின் குரல் கேட்கும் டாக்பேக் மாட்டியிருக்கும். பந்துவீச்சாளர் ஓட ஆரம்பிக்கும்போது அவர் முதுகுக்குப் பின்னால் உயரத்தில் இருக்கும் ஒன்றாம் கேமரா. பந்து மட்டையில் பட்டதும், அது போகும் பக்கத்தைத் துரத்தும் கேமராவுக்குத் தாவ வேண்டும். அரை விநாடி முந்தினால் ரசிகன் பந்தைத் தொலைப்பான். அரை விநாடி பிந்தினால் கேட்சைத் தொலைப்பான். விக்கெட் விழுந்தால் பந்துவீச்சாளர் முகம், மட்டையாளர் முகம், பெவிலியன், பிறகு ரீப்ளே.

1993-ல் ரீப்ளே என்பது நாடாச் சுருள். ஒவ்வொரு பந்தையும் பதிந்துகொண்டே இருக்கும் இயந்திரத்தின் முன்னால் ஒருவர் உட்கார்ந்திருப்பார். பந்து முடிந்த கணமே பின்னோக்கிச் சுற்றி, பந்து கையை விட்டுக் கிளம்பும் இடத்தில் நிறுத்தி, ‘ரெடி’ என்று குரல் கொடுக்க வேண்டும். அதற்குக் கிடைக்கும் நேரம், பந்துவீச்சாளர் திரும்பி நடந்துபோகும் நேரம். வேகப்பந்து வீச்சாளர் என்றால் சாவகாசம். இரண்டு சுழல்பந்து வீச்சாளர்கள் மாறி மாறி வீசினால் அந்த ஆளுக்கு மூச்சு விட நேரமில்லை.

மூலையில் இன்னும் இருவர் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். எல்லாக் கேமராவின் வெளிச்சத்தையும் நிறத்தையும் சமமாக வைத்திருப்பது அவர்கள் வேலை. மேகம் ஒன்று சூரியனை மறைத்து விலகினால், எட்டுக் கேமராவிலும் புல் ஒரே பச்சையாகத் தெரியும்படி குமிழ்களைத் திருகிக்கொண்டே இருப்பார்கள். இந்த வேலை நன்றாக நடந்தால் யாருக்கும் தெரியாது. நடக்காவிட்டால் தென்னிந்தியா முழுக்கத் தெரியும்.

ஐந்து லட்சம் யார் யாருக்கு?

இப்போது இந்தியாவுக்கு வருவோம். இங்கே ஒளிபரப்பு என்றால் தூர்தர்ஷன். 1885-ம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டம், தந்தி அமைக்கும் தனியுரிமையை அரசுக்குக் கொடுத்திருந்தது. மார்க்கோனி வானொலி அலையோடு விளையாடத் தொடங்குவதற்கும் முந்தைய சட்டம் அது. அதன் நிழலில்தான் நூறு ஆண்டு கழித்துத் தொலைக்காட்சி நடந்தது. கிரிக்கெட் காட்டுவதற்குத் தூர்தர்ஷன் இந்தியக் கிரிக்கெட் வாரியத்துக்குப் பணம் கொடுக்கவில்லை. வாரியம்தான் தூர்தர்ஷனுக்குக் கொடுத்தது. ஓர் ஆட்டத்துக்கு ஐந்து லட்சம் ரூபாய் என்று வாரியப் பிரமுகர்கள் பிற்காலத்தில் சொன்னார்கள். இன்று ஐ.பி.எல். உரிமைக்கு ஆயிரம் கோடிகளில் ஏலம் போகும் காலத்தில் இதைச் சொன்னால் கட்டுக்கதை என்பார்கள்.

தூர்தர்ஷனை வில்லனாக்கிவிடுவது சுலபம். ஓவரின் கடைசிப் பந்துக்கு முன்பே விளம்பரத்துக்குத் தாவியதையும், ஆட்டம் கொதிக்கும்போது செய்தி வாசிக்கப் போனதையும் நினைத்துப் பல்லைக் கடிக்காதவர்கள் நம் தலைமுறையில் குறைவு. ஆனால் மின்சாரம் எட்டிய கிராமங்களுக்குக் கபில்தேவைக் கொண்டுபோய்ச் சேர்த்ததும் அதே தூர்தர்ஷன்தான். கட்டணம் கேட்காத ஆண்டெனாவில். கிரிக்கெட்டுக்கு இங்கே இத்தனை பெரிய சந்தை இருக்கிறது என்பதே தூர்தர்ஷன் உழுது வைத்த நிலம். அறுவடைக்கு வேறு ஆட்கள் வந்தார்கள்.

1991 நவம்பரில் தென்னாப்பிரிக்கா, நிறவெறித் தடைக்குப் பிறகு முதல் முறையாகச் சர்வதேச ஆட்டம் ஆட இந்தியா வந்தது. தங்கள் நாட்டு மக்கள் அதை வீட்டிலிருந்து பார்க்க வேண்டும், உரிமைக்கு என்ன விலை, யாரிடம் கொடுப்பது என்று அந்த ஊர்க்காரர்கள் கேட்டார்கள். அந்தக் கேள்வியை இந்தியக் கிரிக்கெட் வாரியத்திடம் அதற்கு முன் யாரும் கேட்டதில்லை. தங்களிடம் விற்க ஒரு பொருள் இருக்கிறது என்பதே அப்போதுதான் தெரிந்தது என்று அன்று நிர்வாகத்தில் இருந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். அதே ஆண்டில் ஹாங்காங்கிலிருந்து ஸ்டார் தொலைக்காட்சியின் அலை இந்திய மொட்டைமாடிகளில் இறங்கத் தொடங்கியது. மேலே வானம் திறந்துவிட்டது. கீழே சட்டம் 1885-ல் நின்றது.

மோப்பம் பிடித்து வந்தது டி.டபிள்யூ.ஐ. 1993 தொடக்கத்தில் இங்கிலாந்து அணி இந்தியா வந்தபோது, அந்தத் தொடரின் உரிமையை வாரியம் அதனிடம் விற்றது. ஆறு லட்சம் டாலர் என்பது அப்போது பேசப்பட்ட தொகை. இந்திய மண்ணில் இந்தியா ஆடும் ஆட்டத்தை இந்தியர்களுக்குக் காட்ட, தூர்தர்ஷன் ஒரு வெளிநாட்டு நிறுவனத்திடம் பணம் கட்டி வாங்க நேர்ந்தது. மேலே பார்த்த சேப்பாக்கம் டெஸ்ட் அந்தத் தொடரில்தான். இங்கிலாந்து கேப்டன் கூச் இறால் சாப்பிட்டுப் படுத்துக்கொண்டது, சித்து 106, டெண்டுல்கர் 165, கும்ப்ளே ஒரு இன்னிங்ஸில் ஆறு விக்கெட். பார்த்தவர்களுக்கு அது இந்தியாவின் இன்னிங்ஸ் வெற்றி. தில்லியில் அமைச்சக அதிகாரிகளுக்கு அது அவமானக் கணக்கு. அடுத்த முறை விடக்கூடாது என்று காத்திருந்தார்கள்.

அடுத்த முறை சீக்கிரமே வந்தது.

ஹீரோ கோப்பை

வங்காளக் கிரிக்கெட் சங்கம் தன் வைர விழாவுக்கு 1993 நவம்பரில் ஐந்து நாட்டு அணிகளை வைத்து ஹீரோ கோப்பையை நடத்தியது. இந்தியா, மேற்கிந்தியத் தீவுகள், தென்னாப்பிரிக்கா, இலங்கை, ஜிம்பாப்வே. சங்கத்தின் பின்னால் இருந்த மூளை ஜக்மோகன் டால்மியா. கட்டடத் தொழிலில் வளர்ந்த கல்கத்தா வியாபாரி. விலை பேசும் கலையை யாரும் அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

தூர்தர்ஷன் ஒரு கோடி ரூபாய் தருவதாகச் சொன்னது. ஆனால் உரிமை முழுக்கத் தனக்கு மட்டும். வேறு யாரும் தொடக்கூடாது. டி.டபிள்யூ.ஐ. கொடுத்த குறைந்தபட்ச உத்தரவாதம் 5,50,000 டாலர். அன்றைய மாற்று விலையில் ஒரு கோடியே எழுபது லட்சத்தை ஒட்டி வரும். சங்கம் டி.டபிள்யூ.ஐ.க்குக் கொடுத்தது. இந்திய வீடுகளுக்குத் தூர்தர்ஷன் காட்டிக்கொள்ளட்டும், வெளிநாட்டுக்கு டி.டபிள்யூ.ஐ. அனுப்பட்டும் என்று ஒரு பங்கீட்டையும் முன்வைத்தது. டி.டபிள்யூ.ஐ.யிடமிருந்து படத்தை வாங்கிக் காட்ட மாட்டோம் என்று தூர்தர்ஷன் முறுக்கிக்கொண்டது.

சண்டை எங்கே வெடித்தது என்பதில்தான் இந்தத் தொழிலின் பலவீனம் தெரிகிறது. கரீபியனில் பலமாக இருந்தது எதுவோ அதுவே இங்கே தொண்டையில் மாட்டியது. கருவிகள் பெட்டிகளில் வருகின்றன. பெட்டிகள் சுங்கத்தைத் தாண்ட வேண்டும். படத்தை மேலே செயற்கைக்கோளுக்கு அனுப்ப அன்று அரசு நிறுவனமாக இருந்த வி.எஸ்.என்.எல். கதவு திறக்க வேண்டும். இந்திய மண்ணிலிருந்து அலை அனுப்பத் தந்திச் சட்டப்படி உரிமம் எங்கே என்று அரசு கேட்டது. தொடர் தொடங்கிவிட்டது, அணிகள் ஆடிக்கொண்டிருந்தன, கருவிகள் சுங்கத்தின் பிடியில் இருந்தன. ஒப்பந்தப்படி படத்துக்குக் காத்திருந்த வெளிநாட்டுச் சேனல்களுக்கு என்ன பதில் சொல்வது?

சங்கம் கல்கத்தா உயர் நீதிமன்றத்துக்கு ஓடியது. அங்கிருந்து விவகாரம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. நவம்பர் நடுவில் கருவிகளை விடுவிக்கச் சொல்லி இடைக்கால உத்தரவு வந்தது. நீதிமன்ற உத்தரவுக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேமரா முக்காலியை நிறுத்திய குழு கிரிக்கெட் வரலாற்றில் வேறு இருக்குமா, சந்தேகம்தான்.

அப்படிப் போராடி எடுத்த படம் எப்படிப்பட்ட படம் என்பது நமக்குத் தெரியும். நவம்பர் 24, ஈடன் கார்டன்ஸ், விளக்கொளியில் அரையிறுதி. இந்தியா 195, அதில் அசாருதீன் 90. தென்னாப்பிரிக்காவின் விரட்டலின் நடுவே ஒரு கீரி மைதானத்துக்குள் புகுந்து ஓடியது. கடைசி ஓவரில் ஆறு ரன் வேண்டும். கபில்தேவ் இருக்கிறார், ஸ்ரீநாத் இருக்கிறார், பந்து அன்று முழுக்க வீசாத டெண்டுல்கர் கைக்குப் போகிறது. மூன்று ரன் கொடுத்தார். இரண்டு ரன்னில் இந்தியா வென்றது. மூன்று நாள் கழித்து இறுதியாட்டத்தில் கும்ப்ளே 12 ரன்னுக்கு ஆறு விக்கெட். இந்த இரண்டு இரவுகளும் கேமராவில்லாமல் நடந்திருந்தால் டால்மியா கூட அழுதிருப்பார்.

தீர்ப்பு

கோப்பை முடிந்தது, வழக்கு முடியவில்லை. 1995 பிப்ரவரி 9-ல் உச்ச நீதிமன்றம் இறுதித் தீர்ப்பு சொன்னது. பி.பி. சாவந்த், எஸ். மோகன், பி.பி. ஜீவன் ரெட்டி ஆகிய மூவர் அமர்வு. சாவந்த் தமக்கும் மோகனுக்குமாக எழுதினார். ஜீவன் ரெட்டி தனியாக எழுதி முடிவில் உடன்பட்டார். இவர்களில் மோகன் நம் உடுமலைப்பேட்டைக்காரர். ஓய்வுபெறும் தருவாயில் கையெழுத்திட்ட தீர்ப்பு இது.

வான் அலைகள் பொதுச்சொத்து. அரசு அவற்றின் முதலாளி இல்லை. பொது அமைப்பு ஒன்று பொதுநலனுக்காக அவற்றை ஒழுங்குபடுத்த வேண்டும். தகவல் தரவும் பெறவும் உள்ள உரிமை, அரசியல் சட்டத்தின் 19-வது பிரிவு தரும் பேச்சுரிமைக்குள் அடங்கும். ஒளிபரப்பை ஆள 1885-ம் ஆண்டுச் சட்டம் போதாது. சுயேச்சையான அமைப்பு ஒன்றை அரசு உண்டாக்க வேண்டும். தீர்ப்பின் சாரம் இவ்வளவே. 1990-லேயே நிறைவேறி அலமாரியில் தூங்கிய பிரசார் பாரதி சட்டம் 1997-ல் நடைமுறைக்கு வந்ததற்கு இந்தத் தீர்ப்பின் அழுத்தமும் ஒரு காரணம்.

பலர் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. அலைகள் அரசின் தனிச்சொத்து இல்லை என்று சொன்ன அதே நீதிமன்றம், அவை பணம் உள்ளவனின் சொத்தும் ஆகிவிடக் கூடாது என்று கவலைப்பட்டது. ஜீவன் ரெட்டியின் தனித் தீர்ப்பில் அந்தக் கவலை அழுத்தமாக இருக்கிறது. தீர்ப்பின் முதல் பாதியைத் தொலைக்காட்சிக்காரர்கள் கொண்டாடினார்கள். இரண்டாம் பாதியைச் சட்டக் கல்லூரி மாணவர்கள் படிக்கிறார்கள்.

டி.டபிள்யூ.ஐ.க்கு இதனால் என்ன கிடைத்தது? இந்தியக் கதவை உடைக்கத் தோள் கொடுத்த நிறுவனம் அதுதான். ஆனால் உடைந்த கதவு எல்லோருக்கும் திறந்திருக்கும் அல்லவா? ஈ.எஸ்.பி.என். வந்தது, ஸ்டார் வந்தது. 1996 உலகக்கோப்பை உரிமையைத் தூக்கிக்கொண்டு போனது, பெங்களூரில் பிறந்து அமெரிக்காவில் கடை வைத்திருந்த மார்க் மஸ்கரேனஸின் வேர்ல்ட்டெல். தொகை ஒரு கோடி டாலர். ஆறு ஆண்டுக்கு முன் ஸ்கையும் டி.டபிள்யூ.ஐ.யும் கணக்குப் போட்டபோது இப்படி ஒரு தொகையைச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள்.

உரிமையின் விலை இப்படி ஏறியபோது டி.டபிள்யூ.ஐ. இந்தியாவில் மெல்ல மெல்ல வேறு நாற்காலிக்கு நகர்ந்தது. உரிமையை வாங்கி நட்டமோ லாபமோ சுமப்பது சேனல்களின் பாடு. கூலி வாங்கிக்கொண்டு நல்ல படம் எடுத்துக் கொடுப்பது தன் வேலை. இதைச் சறுக்கல் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. உரிமையை வாங்கியவர்கள் பலர் ஏலத்தில் எரிந்துபோனார்கள். கேமரா வைத்திருந்தவனுக்கு ஒவ்வொரு சண்டையிலும் வேலை கிடைத்தது. விளையாட்டு நிகழ்ச்சித் தயாரிப்பில் உலகின் மிகப் பெரிய சுயேச்சை நிறுவனம் என்று டி.டபிள்யூ.ஐ. தன்னை அழைத்துக்கொண்டதும் இந்தக் காலத்தில்தான்.

2004-ல் அது நன்றாகவே தெரிந்தது. இந்திய ஆட்டங்களின் உரிமைக்கு ஜீயும் ஈ.எஸ்.பி.என். ஸ்டாரும் நீதிமன்றத்தில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தன. ஆஸ்திரேலிய அணி வந்து இறங்கிவிட்டது. யாருக்கு உரிமை என்று தீர்மானமாகவில்லை. ஆனால் படம் எடுத்தாக வேண்டும். வாரியம் அழைத்தது டி.டபிள்யூ.ஐ.யை. சேப்பாக்கத்தில் நடந்த இரண்டாவது டெஸ்டின் கடைசி நாளில், பத்து விக்கெட்டும் கையில் இருக்க 210 ரன் வேண்டியிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. மழையோடு கயானாவில் தொடங்கிய சகவாசம்.

மெக்கார்மக் அதற்கு முந்தைய ஆண்டே காலமாகிவிட்டார். 2004-ல் டெட் ஃபோர்ஸ்ட்மன் என்ற முதலீட்டாளர் ஏறத்தாழ 75 கோடி டாலருக்கு ஐ.எம்.ஜி.யை வாங்கினார். டி.டபிள்யூ.ஐ. என்ற பெயர் படிப்படியாக மறைந்து, ஐ.எம்.ஜி. மீடியா என்ற புதுப் பலகை மாட்டப்பட்டது. பலகைக்குக் கீழே இருந்தவர்கள் பெரும்பாலும் பழைய ஆட்களே. அவர்களில் ஒருவரான ஆண்ட்ரூ வைல்ட்பிளட், 2007-ல் வாரியத்தின் லலித் மோடியோடு உட்கார்ந்து எட்டு நகரங்களை மையமாக வைத்து அணிகளை விற்கும் ஐ.பி.எல். திட்டத்தை வரைந்துகொண்டிருந்தார். 2009-ல் தேர்தலைக் காரணம் காட்டி அந்தப் போட்டி முழுவதையும் ஒரு மாத அவகாசம்கூட இல்லாமல் தென்னாப்பிரிக்காவுக்குத் தூக்கிக்கொண்டு போனபோது, பெட்டிகள் மறுபடி விமானம் ஏறின. அந்தக் கூத்தையும், அதன் முடிவில் கட்டணத்தைக் காட்டி வாரியம் இதே நிறுவனத்தை வெளியே அனுப்பப் பார்த்ததையும் அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)